விடை சரி, வழி தவறு: காவலூரும் கேனிமீடு நிலவும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டுக் கணிதத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். 16/64 என்னும் பின்னத்தைச் சுருக்குமாறு ஒரு கேள்வி. ஒரு மாணவன் மேலே இருந்த 6-ஐயும் கீழே இருந்த 6-ஐயும் கோடிட்டு அடித்துவிட்டு, எஞ்சியதை 1/4 என்று எழுதியிருந்தான். விடை சரி. வழி முற்றிலும் தவறு! இரண்டு புள்ளிகளில் ஒன்றை மட்டுமே கொடுத்தேன்.

மறுநாள் அவனுடைய தந்தையார் பள்ளி வாசலில் என்னைக் கண்டு, “விடைதான் சரியாக இருக்கிறதே சார், ஏன் ஒரு புள்ளியைக் குறைத்தீர்கள்?” என்று பணிவாகவே கேட்டார். “இதே வழியில் 12/24-ஐச் சுருக்கினால் 1/4 என்று வரும். ஆனால் உண்மையான விடை 1/2 அல்லவா?” என்றேன். அவர் தலையசைத்தார், ஆயினும் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் உள்ளூர ஓர் உறுத்தல் இருந்தது. அந்த ஒரு புள்ளியை எதற்காகக் கொடுத்தேன், எதற்காகக் குறைத்தேன் என்று எனக்கே தெளிவாக விளங்கவில்லை.

அதே வாரம் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை புலனத்தில் வந்த ஒரு செய்தியை என்னிடம் காட்டினார். “வியாழனின் நிலவுக்கு வளிமண்டலம் உண்டு என்று உலகுக்கே முதலில் சொன்னது தமிழ்நாட்டின் காவலூர்” என்பது அச்செய்தியின் சாரம். அதை அறிவியல் மூலையில் ஒட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். “எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் சார்” என்றார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அக்கதையைப் படிக்கப் படிக்க, அந்த மாணவனின் 16/64 மீண்டும் மீண்டும் என் கண்முன் வந்து நின்றது. அதையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மலையூரில் ஒரு தொலைநோக்கி

காவலூர் என்பது சவ்வாது மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வானாய்வகம் அமைந்ததற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. அந்த மரபு 1899-இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. கொடைக்கானல் கதிரவனை ஆய்வதற்கு ஏற்ற இடம். விண்மீன்களை ஆய்வதற்கு வேறோர் இருண்ட வானம் தேவைப்பட்டது. 1960-இல் கொடைக்கானலின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு அந்த வானத்தைத் தேடினார். சென்னையில் 1927-இல் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பல இடங்களை ஆராய்ந்தபின் அவர் காவலூரைத் தேர்ந்தார். 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்குப் பணி தொடங்கியது. 1972-இல் செருமானிய நாட்டின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது.

நம் கதை அந்தப் புதிய தொலைநோக்கியில் தொடங்குகிறது.

1972 சூன் 7

வியாழனைச் சுற்றும் நிலவுகளுள் பெரியது கேனிமீடு. ஞாயிற்றுக் குடும்பத்தின் நிலவுகள் அனைத்திலும் பெரியதும் அதுவே. புதன் கோளைவிடவும் பருத்தது. 1972 சூன் 7 அன்று அந்நிலவு, வெகு தொலைவில் உள்ள ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லவிருந்தது. விண்மீன் சிறிது நேரம் மறைந்து, பின் மீண்டும் தோன்றும். வானியலார் இதனை ‘மறைப்பு’ என்பர். இத்தகைய மறைப்புகளை முன்கூட்டியே கணித்துச் சொல்வதில் பெயர் பெற்றவர் கிரீனிச் வானாய்வகத்தைச் சேர்ந்த கார்டன் டெய்லர்.

மறைப்பினால் என்ன பயன்? வகுப்பறையிலேயே இதனைச் செய்து காட்டலாம். சுவரில் தெரியும் ஒரு சிறு விளக்கை உங்கள் கண்ணுக்கு முன்னால் ஓர் அட்டையை நகர்த்தி மறையுங்கள். அட்டையின் விளிம்பு வந்ததும் விளக்கு சட்டென்று மறையும். அட்டைக்குப் பதிலாக விளிம்பில் ஆவி படர்ந்த ஒரு கண்ணாடிக் குவளையை நகர்த்திப் பாருங்கள். விளக்கு மெல்ல மெல்ல மங்கித்தான் மறையும். நிலவுக்குக் காற்று இல்லையேல் விண்மீன் முதல்வகையில் மறையும். காற்று இருப்பின், அக்காற்று ஒளியை வளைத்துச் சிதறச் செய்வதால் இரண்டாம் வகையில் மறையும். பல கோடிக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு நிலவின் காற்றை, அங்குப் போகாமலேயே அறிய இது ஓர் எளிய வழி.

மறைப்பை இரண்டு இடங்களில் இருந்து அளந்தனர். ஒன்று காவலூர். மற்றொன்று சாவகத் தீவின் லெம்பாங்கில் உள்ள பொஸ்சா வானாய்வகம். தேயிலைத் தோட்டத்தை நடத்திய பொஸ்சா என்னும் டச்சுக்காரரின் கொடையால் 1923-இல் எழத் தொடங்கியது அது. தோட்டத்து வருவாய் வானாய்வகமாக மாறிய கதையைத் தோட்டத்தில் இருந்து வந்த நம்மவர் சற்று நின்று நினைத்துப் பார்க்கலாம். காவலூருக்கும் லெம்பாங்குக்கும் இடையே ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது சுமத்திராவின் மேலாகச் செல்லும். நம் ஜொகூர் அக்கோட்டிற்குச் சில நூறு கிலோமீட்டர் வடகிழக்கில் இருக்கிறது. அன்றைய நிகழ்வு நம் வாசலுக்கு அப்பால் எங்கோ நடந்ததன்று.

இரண்டு இடங்கள் ஏன் என்று மாணவர் கேட்கக்கூடும். ஒரு வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டால் அவ்வட்டத்தின் அளவு தெரியாது. இரண்டு கோடுகளின் நீளமும் அவற்றின் இடைவெளியும் தெரிந்தால் வட்டத்தையே வரைந்துவிடலாம். ஒவ்வோர் இடத்திலும் விண்மீன் எவ்வளவு நேரம் மறைந்திருந்தது என்பதே கோட்டின் நீளத்தைத் தருகிறது. ஐந்தாம் ஆண்டு வடிவியலுக்கு இதைவிட நல்ல பயன்பாடு உண்டோ!

வெளியான முடிவு

1973-இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. காவலூரின் ஜெ. சி. பட்டாச்சாரியா, இந்தோனேசியாவின் பம்பாங் இதாயாட், அமெரிக்காவின் கார்ல்சன், கிரீனிச்சின் டெய்லர் எனப் பல நாட்டவர் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. அதில் இரண்டு முடிவுகள் இருந்தன.

முதலாவது, கேனிமீடின் விட்டம் ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர் என்பது. இரண்டாவது, விண்மீன் சட்டென்று மறையவில்லை, சட்டென்று தோன்றவுமில்லை. ஆகவே கேனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பது. அதன் அழுத்தம் 1 மில்லிபாரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மேல் என்று அவர்கள் மதிப்பிட்டனர். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மிக மெல்லிய காற்றுதான், எனினும் காற்றே.

புலனத்தில் வந்த செய்தி இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. கதை முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

இங்குப் புற ஊதா ஒளியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வானவில்லின் ஊதா நிறத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று மனிதர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1801-இல் செருமானிய அறிஞர் ரிட்டர், ஒளிபட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை நிறமாலையின் ஊதாவுக்கு அப்பால், இருட்டாகத் தோன்றிய இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்குதான் அது மிக விரைவாகக் கறுத்தது. கண் காணாத ஒளி ஒன்று அங்கு இருந்தது. அதுவே புற ஊதா.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதனினும் குறுகியது புற ஊதா. அதன் பெரும் பயன் யாதெனில், அணுக்களும் மூலக்கூறுகளும் குறுகிய அலைநீளப் புற ஊதாவை வெகு வலிமையாக விழுங்கவும் உமிழவும் செய்கின்றன. நம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெளிவாகத் தோன்றும் வளி, புற ஊதாவுக்குக் கரும்புகைபோல் இருக்கக்கூடும். எனவே மிக மிக மெல்லிய காற்றும் அதற்குத் தப்பாது. காற்றைத் தேடுவோருக்கு அதனினும் கூரிய கண் அரிது.

ஆனால் ஓர் இடர் உண்டு. அதே காரணத்தால் நம் பூமியின் காற்றும் புற ஊதாவை விழுங்கிவிடுகிறது. ஓசோன் படலமும் ஆக்சிஜனும் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத் தரைக்கு விடுவதில்லை. நாம் உயிரோடு இருப்பது அதனால்தான். காவலூரில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் அந்த ஒளியைக் காண இயலாது. அதற்கு விண்வெளிக்கே செல்லவேண்டும்.

1979: இரண்டாம் மறைப்பு

1979 மார்ச்சு 5 அன்று வாயேஜர் 1 விண்கலம் வியாழனை நெருங்கிக் கடந்தது. அதில் புற ஊதா நிறமாலைமானி ஒன்று இருந்தது. கேனிமீடு மற்றொரு விண்மீனை மறைப்பதை அது கூர்ந்து நோக்கியது. 1972-இல் செய்த அதே சோதனைதான். ஆனால் இம்முறை அருகிலிருந்து, பூமியின் காற்று இடையில் இல்லாமல், 200 நானோமீட்டருக்கும் குறுகிய புற ஊதா ஒளியில்.

காற்றின் தடயம் எதுவும் தென்படவில்லை. அப்படியே இருந்தாலும் அதன் அழுத்தம் 1972-இல் சொன்ன அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்க முடியும் என்று ஆய்வாளர் கணித்தனர். ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு எனலாம்.

ஆக, 1972-இன் முடிவு பொய்த்தது. அந்நாளில் காவலூரின் பெருமையைக் கூறிக்கொண்டிருந்தவர்க்கு இது கசப்பான செய்தியாக இருந்திருக்கும்.

மீண்டும் புரண்ட கதை

கதை இங்கும் முடியவில்லை. 1990-இல் ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றது. அது புற ஊதாவையும் காணவல்லது. கேனிமீடிலிருந்து வரும் மிக மங்கலான ஓர் ஒளிர்வை அது பதிவுசெய்தது. 130.4 நானோமீட்டர், 135.6 நானோமீட்டர் என்னும் இரண்டு அலைநீளங்களில் மட்டும் அது மின்னியது. அவ்விரண்டும் ஆக்சிஜனின் கையொப்பங்கள். 1998-இல் அந்த முடிவு வெளியானது. கேனிமீடுக்கு ஆக்சிஜன் காற்று உண்டு!

பெற்றோர் யாரும் இதைப் படித்துவிட்டு அங்கு உயிர்கள் வாழ்கின்றன என்று எண்ணிவிட வேண்டா. கேனிமீடின் மேற்பரப்பு பனிக்கட்டி. வியாழனைச் சூழ்ந்துள்ள மின்னேற்றத் துகள்கள் அப்பனியை இடைவிடாது தாக்குவதால் நீர் பிளந்து ஆக்சிஜன் பிறக்கிறது. அளவில் அது 1979-இல் விதித்த எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. 1972-இல் சொன்ன அளவுக்கு அருகில்கூட வரவில்லை.

2021-இல் இன்னொன்று நிகழ்ந்தது. ஹபிள் 1998-இல் எடுத்த புற ஊதாப் படங்களையே புதிய அளவீடுகளோடு சேர்த்து மறுபடி ஆய்ந்தனர். அப்படங்களில் இருந்த ஒரு வேறுபாட்டுக்குத் தனி ஆக்சிஜன் அணுக்களே காரணம் என்று முன்பு கருதியிருந்தனர். உண்மையில் நண்பகல் வெயிலில் பனியிலிருந்து எழும் நீராவியே காரணம் என்று இப்பொழுது விளக்கினர். படம் பழையது; பொருள் புதியது.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி: காவலூர் சொன்னது சரியா, தவறா?

“கேனிமீடுக்கு வளிமண்டலம் உண்டா?” என்று மட்டும் கேட்டால், “உண்டு” என்ற 1972-இன் விடை சரி. “எவ்வளவு?” என்று கேட்டால் பல்லாயிரம் மடங்கு தவறு. அவர்கள் கண்டது இந்த ஆக்சிஜன் காற்றையன்று. இது அவர்கள் முறைக்கு எட்டாத மென்மை உடையது. அடித்த 6-களுக்குப் பின்னால் தற்செயலாக நின்ற 1/4 போன்றதே அந்த “உண்டு”. ஆனால் அதே கட்டுரையின் மற்ற முடிவைப் பாருங்கள். கேனிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர் என்று இன்று அறிவோம். அவர்கள் சொன்னது 5,270! தரையில் நின்று, புதிதாக நிறுவிய தொலைநோக்கியால், வெறும் நேர அளவைக் கொண்டு கண்ட எண் அது. புலனச் செய்தி பெருமைப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பெருமைப்பட முடியாத இடத்தைப் பிடித்துக்கொண்டது.

யுரேனசு: இன்னொரு பாடம்

காவலூரில் இதைப்போல் இன்னொன்றும் நடந்தது. 1977 மார்ச்சு 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனுக்கு அருகே கடந்தபோது, அதே 1 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்தது பதிவானது. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதனை யுரேனசின் புதிய துணைக்கோள் ஒன்று மறைத்ததாகக் கருதி ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி அளந்த எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒளி பலமுறை குறைந்ததைக் கண்டு, அவை வளையங்கள் என்று உணர்ந்தனர். காவலூரின் பதிவும் வளையங்களுக்குச் சான்றாயிற்று.

இங்கு அளவு சரி. கொண்ட பொருள் தவறு. கேனிமீடிலோ ஓர் அளவு சரி, மற்றோர் அளவு தவறு. இரண்டு நிகழ்விலும் ஒரு செயல் பொதுவாக இருந்தது. அவர்கள் தம் ஒளிவரைகளை உலகின் முன் விரித்துவைத்தனர். இன்ன நாள், இன்ன கருவி, இன்ன வளைவு, ஆதலால் இன்ன முடிவு என்று எழுதினர். அதனால்தான் பின்வந்தவர் சரியானதை எடுத்துக்கொள்ளவும், தவறியதைத் திருத்தவும் முடிந்தது.

வேற்று விண்மீன்களின் கோள்களில்

இதே மறைப்பு முறை இன்று நம் ஞாயிற்றுக் குடும்பத்தையும் தாண்டிச் சென்றுவிட்டது. எச்டி 209458 என்னும் விண்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 150 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதனை மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் வியாழன் போன்ற கோள் ஒன்று, தன் விண்மீனின் முகத்தைக் கடந்து செல்வதை 1999-இல் கண்டனர். இவ்வாறு கடக்கும்போது காணப்பட்ட முதல் வேற்றுக் கோள் அதுவே. அக்கோள் கடக்கையில் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைகிறது.

2003-இல் பிரான்சு நாட்டின் விடால்-மட்ஜார் குழுவினர் அதே கடப்பை ஹபிளின் புற ஊதாக் கருவியால் நோக்கினர். ஹைட்ரஜன் அணு விழுங்கும் 121.6 நானோமீட்டர் ஒளியில் பார்த்தபோது, குறைவு 1.5 அன்று, ஏறத்தாழ 15 விழுக்காடு! கோளின் உடலைவிட மிகப் பெரிய ஹைட்ரஜன் முகில் ஒன்று அதனைச் சூழ்ந்திருந்தாலன்றி இது நிகழாது. விண்மீனின் வெப்பத்தால் அக்கோளின் காற்று விண்வெளிக்குள் கசிந்துகொண்டிருக்கிறது, நொடிக்குக் குறைந்தது பத்தாயிரம் டன் என்று அவர்கள் கணித்தனர். அடுத்த ஆண்டே அம்முகிலில் ஆக்சிஜனையும் கார்பனையும் கண்டதாக அறிவித்தனர்.

இதுவும் எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. 2007-இல் மற்றோர் ஆய்வாளர் அதே ஹபிள் தரவை மீண்டும் கணித்து, குறைவு 9 விழுக்காடு அளவே என்றும், காற்று தப்பியோடுவதற்குச் சான்றில்லை என்றும் எழுதினார். முதற்குழுவினர் மறுமொழி தந்தனர். நிறமாலையின் எந்தப் பகுதியை எவ்வளவு அகலத்துக்கு எடுத்துக் கணிப்பது என்பதே வேறுபாட்டின் வேர் என்று தெளிந்தது. பின்னர் 2015-இல், ஏறத்தாழ 30 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கிளீசு 436 என்னும் விண்மீனின் கோளில் இன்னும் தெளிவான சான்று கிட்டியது. அக்கோளின் ஹைட்ரஜன் முகில் விண்மீனின் அந்தப் புற ஊதா ஒளியில் பாதிக்கும் மேல் மறைத்தது. வால்வெள்ளிபோல் வால் விரித்துச் செல்லும் கோள் அது.

புற ஊதா வானியலில் இந்தியாவும் பின்தங்கி நின்றுவிடவில்லை. 2015 செப்டம்பர் 28 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆசுட்ரோசாட் விண்கலத்தில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதனை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம். காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் அந்நிறுவனமே. நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கொடி கொடைக்கானல், காவலூர் எனப் படர்ந்து விண்ணிலும் கிளைத்துவிட்டது.

சுவரில் எதை எழுதுவது?

சிலர் கேட்கலாம்: “நம் பிள்ளைகளுக்கு அறிவியலில் நம்மவர் பெயர் கிடைப்பதே அரிது. கிடைத்த ஒன்றையும் ஏன் கீறிப் பார்க்கவேண்டும்?” இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பாடநூலில் அயலார் பெயர்களையே படித்து வளர்ந்த ஒரு சிறுவனுக்குக் ‘காவலூர்’ என்னும் ஒரு சொல் எவ்வளவு பெரிய ஊட்டம் என்பதை அறிவேன்.

ஆயினும், அந்தச் சிறுவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, ஒருநாள் இணையத்தில் வாயேஜரின் முடிவைப் படிப்பான். அப்பொழுது அவன் காவலூரை மட்டும் ஐயுறமாட்டான். அதனைச் சுவரில் ஒட்டிய நம்மையும் ஐயுறுவான். நாம் சொல்லித்தந்த மற்றனைத்தையும் ஐயுறுவான். அதுதான் என் அச்சம்.

இன்றும் இது நடக்கிறது. 2025 ஏப்ரலில், கேம்பிரிட்சில் பணியாற்றும் இந்திய வம்சாவளி அறிஞர் நிக்கு மதுசூதன் குழுவினர், கே2-18பி என்னும் தொலைதூரக் கோளின் காற்றில் உயிரினத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு சேர்மத்தின் அறிகுறி தெரிவதாக எழுதினர். அது அகச்சிவப்பு ஒளியில் செய்த ஆய்வு. இன்னும் அளவீடுகள் தேவை என்று அக்குழுவினரே கூறினர். அதே தரவை ஆய்ந்த வேறு சிலர் அச்சான்று போதாது என்றனர். ஆனால் நம் புலனக் குழுக்களில் வந்தது என்ன? “வேற்றுலக உயிர்களை இந்தியர் கண்டுபிடித்துவிட்டார்!” ஆய்வாளர் தம் வழியைக் காட்டினர். நாம் விடையை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினோம்.

அறிவியல் ஆசிரியையும் நானும் அமர்ந்து பேசினோம். இறுதியில் சுவரில் இவ்வாறு எழுதி ஒட்டினார்: “1972-இல் காவலூரிலும் லெம்பாங்கிலும் இருந்து கேனிமீடு நிலவை அளந்தனர். விட்டம் 5,270 கிலோமீட்டர் என்றனர். அது மிகச் சரி. காற்று உண்டு, இவ்வளவு என்றனர். அந்த அளவு தவறு என்று 1979-இல் புற ஊதா ஒளி காட்டியது. 1998-இல் அதே புற ஊதா ஒளி, மிக மெல்லிய ஆக்சிஜன் காற்று அங்கிருப்பதைக் கண்டது. அடுத்து என்ன?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை வந்துகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஜூஸ் விண்கலம் 2031-இல் வியாழனை அடையவேண்டும். 2034-இன் இறுதியில் கேனிமீடையே சுற்றிவரவேண்டும் என்பது திட்டம். அதிலும் புற ஊதா நிறமாலைமானி உண்டு. இன்று ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பொழுது இருபது வயதை நெருங்கியிருப்பர். அவர்களுள் ஒருவரேனும் அந்தத் தரவைத் தம் கையால் கணித்துப் பார்க்கக் கூடாதா?

இனி அந்த ஒரு புள்ளிக்கு வருகிறேன். அம்மாணவன் விடையை மட்டும் எழுதியிருந்தால் இரண்டு புள்ளிகளும் பெற்றிருப்பான். அவன் பிழையும் அவனோடு ஆறாம் ஆண்டுக்குச் சென்றிருக்கும். தான் அடித்த கோடுகளை மறைக்காமல் தாளில் விட்டுவைத்ததால்தான் அப்பிழையை நான் காண முடிந்தது. நான் கொடுத்த ஒரு புள்ளி விடைக்கு உரியது என்று இதுவரை எண்ணியிருந்தேன். இல்லை, அது வழியைக் காட்டியதற்கு உரியது. அவனுடைய தந்தையாரை மீண்டும் கண்டபோது இதைச் சொன்னேன். காவலூரின் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால், காட்டாமல் மறைப்பவனுக்குத்தான் சார் முழுப் புள்ளி கிடைக்கிறது” என்றார்.

நாம் தாள் திருத்தும் முறையைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு வரியை நான் அண்மையில் கேட்டதில்லை. அதற்கு என்னிடம் உடனே விடை இல்லை. ஆனால் அடுத்த தேர்வுத் தாளில் “வழியைக் காட்டுக” என்று ஒவ்வொரு கணக்கின் கீழும் எழுதி, வழிக்கெனத் தனிப் புள்ளியும் ஒதுக்கிவிட்டேன்.

ஜொகூர் பாருவின் விளக்கொளியும் சிங்கப்பூரின் விளக்கொளியும் நம் வானத்தின் மங்கலான விண்மீன்களை விழுங்கிவிட்டன. ஆனால் வியாழனை அவற்றால் விழுங்க இயலவில்லை. வானம் தெளிந்த இரவில், ஒரு சிறிய இருகண் நோக்கியைக் கையசையாமல் பிடித்தால், வியாழனின் அருகே வரிசையாகச் சில ஒளிப்புள்ளிகள் தெரியும். அவற்றுள் ஒன்று கேனிமீடு. உங்கள் பிள்ளைக்கு அதைக் காட்டும்போது, விட்டத்தைச் சரியாகச் சொல்லிக் காற்றில் தவறிய காவலூரின் கதையையும் முழுமையாகச் சொல்லுங்கள்.